முதல் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த நினைப்பவர்கள் கூடும் குழு) கூட்டத்துக்குத் தனியாகப் போகிறேன், அங்கே என்ன நடக்கும்? (பொள்ளாச்சி, கோவைப் பக்கம்)

கொப்பரைக்காரன் எழுதியது:

வணக்கம். ஒரு வருஷமாக இங்கே எல்லோரும் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன், நானாக எழுதுவது இதுதான் முதல் தடவை. வயது 42, பொள்ளாச்சிப் பக்கம் கொப்பரைக் களம் வைத்திருக்கிறேன். குடி இருபது வருஷமாக இருக்கிறது, கடைசி ஆறு வருஷம் தினமும். முதலில் ராத்திரி ஒரு குவார்ட்டர், அப்புறம் ஒரு ஆஃப், இப்போது பகல் பன்னிரண்டு மணிக்கு டாஸ்மாக் திறக்கும் நேரம் பார்த்துக் களத்துப் பையனிடம் காசு கொடுத்து அனுப்புகிறேன், நானே போய் வரிசையில் நிற்கக் கூச்சம். திருவள்ளுவர் தினத்துக்கு இங்கே கடை இல்லை என்றால் கோபாலபுரம் தாண்டிக் கேரளாவுக்குள் வண்டியை விட்ட ஆள் நான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று தடவை மாலை போட்டேன். மண்டலம் முழுக்க ஒரு சொட்டு கிடையாது. மலை இறங்கி வந்து மாலையைக் கழற்றிய அன்று ராத்திரியே, விட்டுப்போன நாளுக்கெல்லாம் வட்டியோடு சேர்த்துக் குடித்தேன். கடைசித் தடவை மாலை போட்ட மூன்றாம் நாள் கை நடுங்கி பூஜைத் தட்டைக் கீழே போட்டுவிட்டேன், குருசாமி பச்சைத் தண்ணீர்க் குளியலால் வந்த குளிர் என்று நினைத்துக்கொண்டார்.

போன மாதம் இரண்டு லோடுக்கு ஒரே பில்லைப் போட்டு அனுப்பியிருக்கிறேன். காங்கயத்து எண்ணெய் மில்காரர் போன் செய்து சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். அவர் நல்ல மனுஷர், சொன்னார். சொல்லாதவர்கள் எத்தனை பேரோ என்று அன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம்தான் ஏஏ கூட்டத்தைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். கோவையில் ஞாயிற்றுக்கிழமை ஒன்று இருப்பதாகத் தெரிகிறது, ஒரு சர்ச் வளாகத்துக்குள். என் சந்தேகங்களை அப்படியே கேட்டுவிடுகிறேன், சிரிக்காதீர்கள். பெயர், ஊர், ஆதார் எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டுமா? போன உடனே எழுந்து நின்று பேசச் சொல்வார்களா? எவ்வளவு காசு ஆகும்? சர்ச் என்றால் மதம் சம்பந்தமான ஏற்பாடா, ஏனென்றால் வீட்டில் அம்மாவுக்கு அது தெரிந்தால் தனிப் பிரச்சினை. எல்லாவற்றுக்கும் மேலே, அங்கே எனக்குத் தெரிந்த ஆள் யாராவது உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்வது? தேங்காய் வியாபாரத்தில் இந்தப் பக்கம் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

---

இன்றுவரை_சரி எழுதியது:

தம்பி, எனக்கு 58 வயது, குடியை விட்டு ஒன்பது வருஷம், கோவைதான். உங்கள் கேள்விக்கெல்லாம் வருகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் கேட்காத ஒன்று.

கூட்டத்துக்கு முன்னால் டாக்டர். தினமும் பகலிலேயே ஆரம்பிக்கும் அளவுக்கு வந்துவிட்ட உடம்பு, ஒரே நாளில் நிறுத்தினால் சும்மா இருக்காது. பூஜைத் தட்டு விழுந்ததாகச் சொன்னீர்களே, அது குளிர் இல்லை. நான் மாரியம்மன் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு ஒரே வீம்பாக நிறுத்தினேன். இரண்டாம் நாள் சாயங்காலம் பல் துலக்கும் இடத்தில் வலிப்பு வந்து விழுந்தேன், புருவத்தில் ஐந்து தையல். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிச் சுவரில் கட்டெறும்பு சாரை சாரையாக ஏறுகிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தேனாம், பக்கத்துக் கட்டில்காரர் பிறகு சொன்னார். சுவரில் ஒன்றுமே இல்லை. நிறுத்திய முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அதற்கடுத்த ஓரிரு நாளில் இந்த மாதிரிப் புத்தி பேதலிப்பு, சிலருக்கு உயிரே போயிருக்கிறது. சில நாள் மாத்திரை, பி1 வைட்டமின் ஊசி என்று டாக்டர் மேற்பார்வையில் விட்டால் இதைத் தாண்டிவிடலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலேயே பார்ப்பார்கள், வெளியே போகக் கூச்சமாக இருந்தால் முதலில் 14446-க்குப் போன் செய்து பேசுங்கள், இலவசம்தான். டாக்டரிடம் அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். நான் தினமும் ஒரு ஆஃப் என்று சொன்னேன், உண்மை அதற்கு இரண்டு மடங்கு, மருந்தும் அந்தப் பொய்க் கணக்குக்குத்தான் கொடுத்தார்கள்.

சரி, கூட்டம். பெயரைத் தவிர ஒன்றும் கேட்க மாட்டார்கள், அந்தப் பெயரும் உங்கள் சொந்தப் பெயராக இருக்க வேண்டும் என்று யாரும் பார்க்கப் போவதில்லை. எங்கள் குழுவில் ஒருவரை நான்கு வருஷமாக ராஜா என்று கூப்பிட்டோம், அவர் மகள் கல்யாணப் பத்திரிகை கொடுத்தபோதுதான் வேறு பெயர் என்று தெரிந்தது. ஆதாரும் கிடையாது, பதிவேடும் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் போதும், சேர்வதற்கு வேறு தகுதி இல்லை. கட்டணமும் இல்லை. நடுவில் ஒரு துணிப்பை சுற்றி வரும், அதில் பத்தோ இருபதோ போடுவார்கள், ஹால் வாடகைக்கும் டீக்கும். முதல் தடவை வருகிறவர் போட வேண்டாம் என்றே சொல்வார்கள். ஏஏ என்று பெயர் சொல்லி யாராவது பத்தாயிரம், இருபதாயிரம் கேட்டால் அது ஏஏ இல்லை, அந்த இடத்தில் உட்காராதீர்கள்.

சர்ச் விஷயம். இடம் மட்டும்தான் அவர்களுடையது. சாயங்கால நேரத்தில் குறைந்த வாடகைக்கு ஹாலும் நாற்காலியும் கிடைப்பது பெரும்பாலும் சர்ச்சிலும் பள்ளிக்கூடத்திலும்தான். எங்கள் குழுவில் விபூதி பட்டை போட்டவர், தொப்பி போட்டவர், சிலுவை மாட்டியவர் எல்லோரும் உண்டு. ஆனால் சர்ச்சோடு ஒரு பழைய தொடர்பு இருக்கிறது, எனக்குப் பிடித்த கதை அது. 1935-ல் அமெரிக்காவில் பில் என்று ஒருவர், பங்குச்சந்தை ஆள், குடியை விட்டு ஐந்தாறு மாதம்தான் ஆகிறது. வெளியூரில், அக்ரன் என்ற ஊரில், வந்த வியாபாரம் ஊற்றிக்கொண்டது. ஹோட்டல் வரவேற்பறையில் நிற்கிறார். ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் டெலிபோன். அங்கே இருந்த சர்ச் பட்டியலைப் பார்த்துப் போன் செய்து, இந்த ஊரில் பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் கிடைப்பாரா என்று கேட்டிருக்கிறார். அப்படிக் கிடைத்தவர் பாப் என்ற அறுவை சிகிச்சை டாக்டர். அவர் கடைசியாகக் குடித்த நாள் ஜூன் 10, அதைத்தான் ஏஏவின் பிறந்தநாளாகச் சொல்கிறோம். இந்தியாவுக்கு 1957-ல் வந்தது. ஒரு குடிகாரன் இன்னொரு குடிகாரனிடம் பேசுவது, அவ்வளவுதான் விஷயம், மற்றதெல்லாம் அப்புறம் சேர்ந்தது.

பேச வேண்டியதில்லை. வட்டமாகவோ வரிசையாகவோ பிளாஸ்டிக் சேர் போட்டிருப்பார்கள், சுவரில் குடியை விட ஏஏ சொல்லும் பன்னிரண்டு படிகள் எழுதிய பேனர் தொங்கும், ஒருவர் நடத்துவார். ஒவ்வொருவராக "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொல்வார்கள். குடிகாரன் என்று சொல்வதில்லை, குடிநோயாளி, அந்தச் சொல்லே எனக்கு அன்றைக்குப் பாதி பாரத்தை இறக்கியது. உங்கள் முறை வந்தால் "கேட்க மட்டும் வந்தேன்" என்றால் அடுத்தவருக்குப் போய்விடுவார்கள். ஒருவர் பேசும்போது நடுவில் யாரும் புத்தி சொல்லக் கூடாது, மறுத்துப் பேசக் கூடாது. நம் ஊரில் ஒரு மனுஷன் குடியைப் பற்றிப் பேசும்போது நடுவில் ஒருத்தரும் வாய் திறக்காத இடம் வேறு எங்கேயாவது இருக்கிறதா, சொல்லுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், கடைசியில் எழுந்து கை கோத்து ஒரு சின்னப் பிரார்த்தனை. விருப்பமில்லை என்றால் சும்மா நில்லுங்கள்.

தெரிந்த ஆள் இருந்தால்? இருப்பார். எனக்கு என் பழைய தாலுகா ஆபீஸ் மேலதிகாரியே இருந்தார். அவரும் அங்கே அதே காரணத்துக்குத்தான் உட்கார்ந்திருந்தார், தம்பி. அங்கே பார்த்ததையும் கேட்டதையும் வெளியே பேசுவதில்லை. அப்புறம் ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், பையனை அனுப்பினால் ஊருக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களே, ஊருக்குச் சொன்ன முதல் ஆளே அந்தப் பையன்தான்.

போவதற்கு முன்னால் போன் செய்து நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள், இணையத்தில் இருக்கும் பட்டியலில் இடம் மாறியது சில நேரம் ஏறியிருக்காது. திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்றும் கேளுங்கள். மூடியது குடிநோயாளிகளுக்கு மட்டும், திறந்ததில் வீட்டாரும் வரலாம். கால் மணி நேரம் முன்னாலேயே போங்கள். தாமதமாகப் போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற பயத்திலேயே வாசலோடு திரும்பிவிடுவோம், நான் இரண்டு தடவை திரும்பியிருக்கிறேன்.

---

மூணாவது_வீட்டு_அக்கா எழுதியது:

நான் குடிப்பவர் இல்லை, குடித்தவரின் மனைவி. அண்ணன் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். தம்பி, உங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பேசிவிட்டீர்களா? ஏன் கேட்கிறேன் என்றால், வீட்டில் இருப்பவர்கள் தவிப்பில் என்ன வேண்டுமானாலும் செய்வார்கள். நான் செய்தேன். பஸ் பின்னால் ஒட்டியிருந்த "அவருக்குத் தெரியாமலே குடியை மறக்க வைக்கலாம்" விளம்பரத்தைப் பார்த்து, போன் செய்து, பணம் கட்டி, கூரியரில் வந்த பொடியை ரசத்தில் கலந்து கொடுத்தேன். அவர் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் வெளியே போய்க் குடித்தார். முகமெல்லாம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி ராத்திரி ஒன்றரை மணிக்கு ஐசியூ. பொடியில் டைசல்ஃபிராம் மாதிரி ஏதோ இருந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அந்த மருந்து தப்பில்லை, குடித்தால் உடம்பு ஏற்காது என்று தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்வையில் சாப்பிடுபவருக்கு உதவும். தெரியாமல் கொடுத்தால் கொலைக்குச் சமம். நான் அன்றைக்குக் கொலைகாரி ஆகவில்லை என்பது தற்செயல்தான்.

அதற்கப்புறம்தான் அல்-அனான் என்று குடும்பத்தாருக்குத் தனிக் கூட்டம் இருப்பதே தெரிந்தது. அதை 1951-ல் ஆரம்பித்தவர்களில் ஒருவர் மேலே சொன்ன பில்லின் மனைவி லோயிஸ். கணவரைத் திருத்துவது எப்படி என்று கேட்கப் போனேன், முதல் மூன்று வாரம் அவரைப் பற்றி யாருமே பேசவில்லை என்று எனக்கு எரிச்சல். உன் தூக்கம் எப்படி, உன் கை வலி எப்படி, கடைசியாக எப்போது உன் அம்மா வீட்டுக்குப் போனாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாட்டில் எங்கே ஒளித்திருக்கிறார் என்று அரிசி டிரம்முக்குள் கை விட்டுத் தேடுவதை நான் நிறுத்தியதும் அங்கேதான். அவர் குடியை நிறுத்தியது அதற்கு ஒன்றரை வருஷம் கழித்து, அவர் வழியில்.

உங்கள் மனைவிக்குத் தோது இருந்தால் திறந்த கூட்டம் ஒன்றுக்குச் சேர்ந்து போங்கள். இல்லை என்றால் தனியாகவே போங்கள், ஆனால் எங்கே போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காரணம் சொல்லாமல் கோவை போகிறேன் என்றால் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா?

---

கறுப்புச்சட்டை எழுதியது:

எதிர்க் கருத்து ஒன்று இருக்கட்டும். நான் ஏழு கூட்டம் போனேன், எனக்கு ஒத்துவரவில்லை. பன்னிரண்டு படியில் கடவுள் எத்தனை தடவை வருகிறார் என்று எண்ணிப் பாருங்கள். "நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்" என்று நீட்டி முழக்கினாலும் கடவுள் கடவுள்தான். பதினெட்டு வயதில் விட்டதை நாற்பதில் குடிக்காகத் திரும்பப் பிடிக்க மனசு வரவில்லை. மனநல மருத்துவர், நால்ட்ரெக்சோன் மாத்திரை, வாரம் ஒரு தடவை கவுன்சலிங், இதில்தான் நான் நிறுத்தினேன், இரண்டு வருஷம் நான்கு மாதம். மாத்திரை குடிக்கும் வெறியைக் குறைக்கும், ஈரலின் நிலையைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், அதனால் ரத்தப் பரிசோதனை முதலில்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏஏ வெறும் பஜனை என்று நானும் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். 2020-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு வந்தது, 27 ஆய்வுகள், பத்தாயிரத்துச் சொச்சம் பேர். குடியை முழுக்க விட்டு இருப்பது என்ற கணக்கில், ஏஏ வழியில் முறையாகக் கொண்டுபோகும் சிகிச்சை மற்ற சிகிச்சைகளைவிடக் குறைவில்லை, சிலவற்றைவிட மேல் என்று வந்தது. அதற்கப்புறம் பஜனை என்று சொல்வதை நிறுத்திக்கொண்டேன். எனக்கு வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. வீட்டில் பேசி உங்களை மறுவாழ்வு மையத்தில் போடலாம் என்று யாராவது சொன்னால், 2017 மனநலச் சட்டப்படி பதிவு செய்த இடமா, டாக்டர் தினமும் வருகிறாரா என்று பார்க்கச் சொல்லுங்கள். என்னை ராத்திரி வேனில் தூக்கிப்போன ஒரு இடத்தில் இருபத்தேழு நாள் டாக்டரையே பார்க்கவில்லை. பாத்திரம் கழுவவிட்டார்கள், பேசினால் அடி. வெளியே வந்த அன்றைக்கே குடித்தேன்.

---

இன்றுவரை_சரி எழுதியது:

கறுப்புச்சட்டைத் தோழர், சண்டை போட வரவில்லை. எங்கள் குழுவிலும் திராவிடர் கழகக்காரர் ஒருவர் உண்டு, பதினாறு வருஷம் ஆகிறது. உங்களுக்கு மேலே ஒரு சக்தி என்றால் என்னய்யா என்று கேட்டபோது, இந்த ரூமில் இருக்கும் இருபது பேரும் சேர்ந்தால் என்னைவிடப் பெரிய சக்திதான், அது போதும் என்றார். பிரார்த்தனை நேரத்தில் கை கோப்பார், வாய் அசையாது. மாத்திரையும் வேண்டாம் என்று சொல்லும் ஆள் யாராவது கூட்டத்தில் இருந்தால் அவர் பேச்சைக் கேட்காதீர்கள், தம்பி, அது டாக்டர் வேலை.

---

ஜன்னலோரம் எழுதியது:

பெண், 36. ஊர் வேண்டாம். சின்ன ஊரில் ஒரு ஹாலுக்குள் நான் நுழைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஆண் குடித்தால் கவலைப்படுவார்கள், பெண் குடித்தால் வேறு மாதிரிப் பார்ப்பார்கள். கொரோனா சமயத்தில் கூட்டமெல்லாம் ஜூமுக்கு வந்தது எனக்கு வாய்ப்பாகிவிட்டது. கேமரா அணைத்து, பெயரை மாற்றி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் துணி காயப்போடும் இடத்தில் உட்கார்ந்து இரண்டு மாதம் வெறுமனே கேட்டேன். தமிழிலேயே பேசுகிறார்கள். பெண்களுக்கான கூட்டமும் இருக்கிறது, எண்ணிக்கை குறைவு, அவ்வளவுதான். கொப்பரை அண்ணா, நேரில் போக ஞாயிறுவரை காத்திருக்க வேண்டியதில்லை, இன்றைக்கு ராத்திரியே ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் நேரில் போவதுதான் நல்லது என்று எனக்கும் தோன்றுகிறது. ஆன்லைனில் கூட்டம் முடிந்ததும் ஜன்னல் பட்டென்று மூடிக்கொள்கிறது, அதற்கப்புறம் நானும் அந்த மாடியும்தான்.

---

கொப்பரைக்காரன் எழுதியது (பதினாறு நாள் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. முதலில் டாக்டரைத்தான் பார்த்தேன். எவ்வளவு என்று கேட்டார், உண்மையைச் சொன்னேன், சொல்லும்போது மனைவி பக்கத்தில் இருந்தாள். அவளுக்கே அந்த அளவு தெரியாது. ஆறு நாள் அட்மிஷன். நடுக்கம் இருந்தது, எறும்பு வரவில்லை.

போன ஞாயிறு போனேன். உக்கடத்தில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் சர்ச் பெயரைச் சொல்லவும் கூச்சமாக இருந்து பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லி இறங்கி நடந்தேன். இருபது நிமிஷம் முன்னாலேயே போய்விட்டேன். ஹாலைத் தேட வேண்டியிருக்கவில்லை, வாசலில் ஏஏ அடையாளமான வட்டத்துக்குள் முக்கோணம் போட்ட ஒரு சின்னப் பலகையைச் சணல் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். கயிறு நழுவிக்கொண்டே இருந்தது. நமக்குக் கயிறு வேலை தெரியும், வாங்கி நானே கட்டிக் கொடுத்தேன். புதுசா என்று கேட்டார், ஆமாம் என்றேன், டீ குடிங்க என்றார். உள்ளே போவது எப்படி என்று பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஒத்திகை பார்த்ததெல்லாம் வீண்.

தெரிந்த ஆள் இருந்தார். யார் என்று எழுத மாட்டேன், எழுதக் கூடாதாமே. அவர் பேசும்போது, பாட்டிலைத் தேங்காய் மட்டைக் குவியலுக்குள் ஒளித்து வைத்து, மறுநாள் அந்தக் குவியலை மில்லுக்கு விற்றுவிட்டதைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது, ஏனென்றால் நானும் அங்கேதான் ஒளித்து வைப்பேன். என் முறை வந்தபோது பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த இன்னொரு சொல் வாயில் வரவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கிளம்பும்போது ஒரு சீட்டில் ஆறு பேருடைய போன் நம்பரை எழுதிக் கொடுத்தார்கள், குடிக்கத் தோன்றினால் குடிப்பதற்கு முன்னால் கூப்பிடு, குடித்த பிறகு கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை என்று. பஸ் கிணத்துக்கடவு தாண்டும்போதே முதல் நம்பரைக் கூப்பிட்டேன். எடுத்தவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், மென்றுகொண்டே அரை மணி நேரம் பேசினார்.

இப்போது ஒரு கேள்வி. வருகிற புதன்கிழமை மச்சினன் கல்யாணம். மண்டபத்துக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடத்தில் டிக்கியைத் திறந்து வைத்து என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். போகாமல் இருக்க முடியாது, தாய்மாமன் சீர் விஷயமெல்லாம் என் கையில் இருக்கிறது. என்ன செய்வது?

---

இன்றுவரை_சரி எழுதியது:

பலகையைக் கட்டிவிட்டீர்கள், இனி அந்த வேலை உங்களுக்குத்தான், தப்பிக்க முடியாது.

கல்யாணத்துக்கு வயிறு காலியாகப் போகாதீர்கள், பசியும் கோபமும் அசதியும் சேர்ந்தால் டிக்கி தானாகத் திறக்கும். சொந்த வண்டியில் போங்கள், நினைத்தபோது கிளம்ப வேண்டும். கையில் எப்போதும் ஒரு டம்ளர் மோரோ காப்பியோ இருக்கட்டும், கை காலியாக இருந்தால்தான் இன்னொருத்தன் எதையாவது திணிப்பான். யாராவது கேட்டால் மாத்திரை சாப்பிடுகிறேன், டாக்டர் கூடாது என்றார் என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. முகூர்த்தம் முடிந்ததும் கிளம்புங்கள். ராத்திரி வரவேற்புக்கு நிற்க வேண்டாம்.

---

மூணாவது_வீட்டு_அக்கா எழுதியது:

பந்தி பரிமாறும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பார் வாளி கையில் இருப்பவனை யாரும் காருக்குப் பின்னால் கூப்பிட மாட்டார்கள். என் வீட்டுக்காரர் மூன்று வருஷமாக எல்லாக் கல்யாணத்திலும் சாம்பார்தான்.

---

கொப்பரைக்காரன் எழுதியது:

ரசம் கிடைத்தது. சாம்பாரை மூத்த மாப்பிள்ளை எடுத்துக்கொண்டார். இரண்டு பந்தி முடிவதற்குள் வேட்டியெல்லாம் ரசம். பெரிய சகலை இரண்டு தடவை வந்து தோளில் தட்டினார், இரண்டு தடவையும் இலையைக் காட்டினேன். சீட்டில் இருந்த மூன்றாவது நம்பரை மணமேடைக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன், நாதஸ்வரச் சத்தத்தில் அவர் பேசியது ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் வைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன். மதியம் ஒன்றரைக்கெல்லாம் கிளம்பிக் களத்துக்கு வந்துவிட்டேன், மழை வரும் போல இருக்கிறது, கொப்பரையை அள்ள ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நைலான் கயிறு கொண்டு வருகிறேன் என்று பலகைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன், அந்தச் சணல் ஒரு மழைக்குத் தாங்காது.